பச்சைக்கண் பிஷப்

வண்டிக்கு அடியில் படுத்தபடியே எவரிஸ்தோ குரல் கொடுத்துவிடுவார்: "வாங்க வாங்க! டயரா, பிரேக்கா?" ஸ்பானிஷில்தான். முகம் அப்புறம்தான் வெளியே வரும். முகம் முந்திக்கொண்டால் வந்தவர் திக்கித் திக்கி இங்கிலீஷில் ஆரம்பித்துவிடுவாரே என்ற பயம் அவருக்கு.

செம்பட்டை முடி, பச்சைக் கண், வெயில் பட்டால் சிவந்துபோகும் தோல். அமெரிக்காவில், சான் அந்தோனியோ நகரின் இந்த மேற்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த மெக்சிகோக்காரர். பச்சை மிளகாயை வெறும் வாயில் கடிப்பவர். அண்ணன் பிளாசிதோ நல்ல கறுப்பு. இருவரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான். எங்கள் தெருவில் யாரையும் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். பக்கத்து ரொட்டிக்கடைக்காரி என்னைக் 'கறுப்பி' என்பாள், நானும் என்ன என்று திரும்புவேன். எவரிஸ்தோ 'வெள்ளையன்'. அவருக்கு மட்டும் அது குத்தும்.

டிசம்பர் பன்னிரண்டு விடிகாலையில் குவாதலூப்பே மாதா திருநாள் நாடகம். மாதாவைக் கண்ட பூர்வகுடி ஏழை ஹுவான் தியெகோ, போர்வையை விரித்து ரோஜாக்களைக் கொட்டுவான். அதுவரை அவனை நம்பாத ஸ்பெயின் தேசத்து பிஷப் மண்டியிடுவார். பத்தொன்பது வருஷமாக அண்ணன்தான் ஹுவான் தியெகோ, தம்பி பிஷப்.

"மூஞ்சிக்கேத்த வேஷம்டா வெள்ளையா! ஆஸ்பத்திரியில உன்னை மாத்திக் குடுத்துட்டாங்க" என்று பிளாசிதோ சிரிப்பார்.

"ஒரே ஒரு தடவை அந்தப் போர்வையை எனக்குக் குடேண்ணே" என்று தம்பி கெஞ்சுவார். என்னிடம் ஒருநாள் சொன்னார்: "நம்ம சனம் ஒரு நாளாவது என்னைத் தன் ஆளுன்னு பாக்கட்டுமேக்கா."

இந்த வருஷம் பிளாசிதோவுக்கு முட்டியில் ஆபரேஷன். நடந்து வருகிற வேஷம் முடியாது. நாற்காலியில் உட்காருகிற பிஷப் வேஷம் அவருக்குப் போயிற்று. மண்டியிட வேண்டாம், தலை குனிந்தால் போதும் என்று ஏற்பாடு. நாடகம் நடத்தும் ரெஃபுகியோ, எவரிஸ்தோவிடம் போர்வையோடு ஒரு பழுப்பு மை டப்பாவையும் நீட்டினாள்.

"மூஞ்சில பூசிக்க, தம்பி. இல்லாட்டி சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும்க்கா. பூசினா மாதாவுக்கே என்னை அடையாளம் தெரியாது." டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று நல்ல மூடுபனி. தூபப் புகையும் பனியும் கலந்து, எது புகை எது பனி என்று தெரியவில்லை. பாதித் தூக்கத்தில் நின்றிருந்தோம். கிதார்கள் எங்கோ தொலைவில் கேட்பதுபோல் இருந்தன. அந்த வெண்மைக்குள்ளிருந்து செம்பட்டைத் தலை ஒன்று மிதந்து வந்தது.

"பிஷப்பு வழி தவறி வந்துட்டாருடோய்!" யாரோ கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது.

எவரிஸ்தோவின் காது சிவந்தது. திரும்பிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பக்கென்றது. போகவில்லை. நாற்காலியின் முன் வந்து நின்று போர்வையை விரித்தார். ரோஜாக்கள் கொட்டின.

பிளாசிதோ தலை குனியவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பல்லைக் கடித்தபடி, கட்டுப் போட்ட முட்டியைத் தம்பியின் ரோஜாக்கள் மேல் மெல்ல ஊன்றினார்.