பிடிவாதக்காரத் துப்பாக்கி

படப்பையில் ஷேர் ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். கையில் மனைவி வாங்கிவரச் சொன்ன தையல் மிஷின் எண்ணெய்ப் புட்டி. மூடி சரியில்லை, விரலெல்லாம் எண்ணெய். கடைக்காரனை மனதுக்குள் திட்டிக்கொண்டே கையைத் துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தபோது, எதிரே ஏடிஎம் வாசலில் பணவண்டி வந்து நின்றது. முதலில் இறங்கியவன் கன்மேன். முப்பது வயதிருக்கும். தோளில் இரட்டைக் குழல் துப்பாக்கி. தோளில் மாட்டுகிற வாரில், உறுத்தாமல் இருக்க ஒரு நீலத் துணி மெத்தை. அதன் ஓரத்தில் சிவப்பு நூலில் கோணல்மாணலாக ஒரு தையல்.

அந்தச் சிவப்புத் தையல் என் மனைவி போட்டது. நீல நூல் தீர்ந்துபோன நாளில், எவன் பார்க்கப் போகிறான் என்று போட்டது. அது என் துப்பாக்கி.

அவன் அங்கேயே நிற்கட்டும். உள்ளே பணம் வைத்து முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும், எனக்கா தெரியாது? அதற்குள் உங்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றுப் பிள்ளைப்பாக்கம் திரும்பியபோது எங்கள் நிலத்தில் கம்பெனிச் சுவர் எழும்பியிருந்தது. வேலை கேட்டு ஒரு செக்யூரிட்டி ஏஜென்சிக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆள் என் மெடலைப் பார்க்கவில்லை, சான்றிதழைப் புரட்டவில்லை. "சொந்தமா கன் கீதா? லைசன்ஸ் கீதா?" என்று மட்டும் கேட்டார். இருந்தால் பணவண்டியில் கன்மேன். இல்லையென்றால் ஏதாவது ஒரு கேட்டில் தடியோடு நிற்கலாம். அலைந்து திரிந்து லைசன்ஸ் வாங்கினேன், பழைய துப்பாக்கி ஒன்றையும் வாங்கினேன். வேலைக்கு எடுத்தது துப்பாக்கியைத்தான். அதைச் சுமக்க ஓர் ஆள் வேண்டுமே என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த எண்ணெய் வாசனை இருக்கிறதே, அதுதான் அப்போது எங்கள் வீட்டு வாசனை. கம்பெனிப் பையன்களின் யூனிபாரம் பேண்ட்டுகளை வெட்டி உயரம் குறைத்துத் தைப்பாள் என் மனைவி. அந்த மிஷினுக்கும் என் துப்பாக்கிக்கும் ஒரே புட்டி எண்ணெய். டூட்டி முடிந்து வந்ததும் நான் குழலைத் துடைக்க உட்கார்ந்தால், மிஷினை மிதித்துக்கொண்டே சொல்வாள்: "வந்துட்டாளா உன் சின்ன வூடு? அவளுக்கு எண்ண தேச்சி வுட்டுட்டு வா. சோறு ஆறிப்போனா எனுக்கு இன்னா?"

சின்ன வீடு என்று திட்டினாளே தவிர, என் தோளில் தழும்பு ஏறியதைப் பார்த்து அந்த மெத்தையைத் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். வெட்டிப்போட்ட யூனிபாரத் துணி.

துப்பாக்கியில் ஒரே ஒரு கோளாறு. சேஃப்டி. கைப்பிடிக்கு மேலே பெருவிரல் எட்டுகிற இடத்தில் இருக்கும் சின்னப் பொத்தான் அது. அதை முன்னால் தள்ளினால்தான் விசையை அழுத்தமுடியும். என்னுடையதில் அது லேசில் நகராது. இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளவேண்டும். எத்தனை எண்ணெய் விட்டும் மசியவில்லை. ரிப்பேருக்குக் கொடுத்தால் கடையில் ஒரு வாரமாவது போட்டுவிட்டு வரவேண்டும். துப்பாக்கி இல்லாத கன்மேனுக்கு எவன் சம்பளம் கொடுப்பான்? அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனேன். "என் மிஷினுன்னா ஒரு சொட்டு வுட்டா ஓடும். இவ உன்ன மாரி, புடிச்ச புடிய வுடமாட்டா" என்பாள் மனைவி.

பென்னலூர் பக்கம் ஒரு ஏடிஎம். அதைச் சுற்றி ஹாஸ்டல்கள், வாடகை ரூம்கள், எல்லாம் தெற்கேயிருந்து வந்த பிள்ளைகள். அப்போதெல்லாம் போனில் பணம் அனுப்புகிற வழக்கம் கிடையாது. சம்பளம் ஏறிய மறுநாள் மிஷின் காலியாகிவிடும், எங்கள் வண்டி போனால்தான் நிரம்பும். அன்று பகல் ஷிப்ட் விட்ட நேரம். நாங்கள் போய் நின்றபோது ரோடு வரை கூட்டம். பணம் வைக்கிற இரண்டு பேரும் உள்ளே போய்ப் பாதி ஷட்டரை இறக்கிக்கொண்டார்கள். டிரைவர் வண்டிக்குள் பூட்டிக்கொண்டான், அதுதான் விதி. வெளியே நான் ஒருவன். துப்பாக்கியை மார்புக்குக் குறுக்கே பிடித்திருந்தேன். உள்ளே இரண்டு தோட்டா.

மிஷின் என்ன தகராறு செய்ததோ, ஷட்டர் ஏறவேயில்லை. முதலில் கேலி பேசினார்கள். பிறகு கத்தினார்கள். பின்னாலிருந்து யாரோ தள்ள, முன்வரிசை என்மேல் சாய்ந்தது. "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று என் தொண்டை கட்டிப்போனது. ஒரு பையன், ஒல்லியாக, கண்ணெல்லாம் சிவந்து, நேராக என் முன்னால் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, எங்கம்மைக்கு ஆபரேசன். இப்ப பஸ்ஸப் புடிச்சாத்தான் விடியுறதுக்குள்ள போய்ச் சேர முடியும். எனக்கு மட்டும் எடுத்துக் குடுத்துருங்க."

"மிஷின் ரெடியானாதான் யாருக்கும். தள்ளி நில்லு."

"தள்ள மாட்டேன். எங்கம்மை செத்துப் போயிருவா."

சொல்லிவிட்டு ஷட்டரை நோக்கிக் குனிந்தான். நான் குறுக்கே போனேன். அவன் துப்பாக்கிக் குழலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பறிக்கப் பார்த்தானா, விழாமலிருக்கப் பிடித்தானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. குழல் அவன் கழுத்துக்குக் கீழே இருந்தது. என் ஆள்காட்டி விரல் தானாக விசைக்குப் போனது. பெருவிரல் சேஃப்டியைத் தள்ளியது. நான் தள்ளினேன் என்று உங்களிடம் மறைக்கவேண்டியதில்லை, பயத்தில் முழு பலத்தோடுதான் தள்ளினேன். அது நகரவில்லை. இன்னொரு தரம் தள்ளினேன். நகரவில்லை.

அதற்குள் ஷட்டர் ஏறியது. "ரெடி, வரிசையா வாங்கப்பா" என்று உள்ளேயிருந்து குரல் கேட்டது. கூட்டம் அப்படியே வரிசையாக மாறிவிட்டது. அந்தப் பையனை எல்லோருமாக முன்னால் விட்டார்கள். பணத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி, புத்தி கெட்டுப்போச்சு" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஓடினான். என் பெருவிரல் நகக்கண்ணில் ரத்தம் கட்டியிருந்தது.

அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொட்டாலே அவன் கழுத்து ஞாபகம் வந்தது. அந்த வாரமே சென்னைக்குப் போய், கடையில் முறைப்படி எழுதிக் கொடுத்து விற்றுவிட்டேன். தலைமுழுகியாகிவிட்டது என்று நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன்.

"எங்கய்யா அவ?" என்றாள் மனைவி.

"வித்துட்டேன்." காரணத்தையும் சொன்னேன்.

மிஷினை மிதிப்பதை நிறுத்தினாள். "அந்தப் பையன் உசுரோட கீறான்னா அது யாரால? உன்னாலயா? நீதான் அமுக்கிட்டியே. அவதான் மாட்டேன்னு நின்னுக்கினா. உன்ன கொலகாரனாக்காம வுட்டவளப் போயி தொரத்திட்டு வந்து நிக்கற."

எனக்கு உறைத்தது. கண்ணே கலங்கிவிட்டது. உலகத்தில் எத்தனையோ துப்பாக்கி இருக்கிறது, அதில் வேறு எதுவாக இருந்திருந்தாலும் அன்றைக்கு வெடித்திருக்கும். என் கோபத்தையும் பயத்தையும் விட அதன் பிடிவாதம் பெரியதாக இருந்தது. கடைக்கு ஓடினேன். யாரோ வாங்கிப்போய்விட்டார்கள், பெயரெல்லாம் சொல்லமுடியாது என்றார்கள். அன்றைக்குப் பிடித்த வருத்தம் இன்னும் விடவில்லை. இப்போது ஒரகடத்தில் ஒரு வீட்டுமனை நகரின் கேட்டில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு விசில். விசிலுக்கு லைசன்ஸ் வேண்டாம், அது ஒரு வசதி.

சரி, படப்பைக்கு வருவோம். ரோட்டைக் கடந்தேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெளியே நாலைந்து பேர்தான், அந்தக் காலத்துக் கூட்டமெல்லாம் போனுக்குள் போய்விட்டது. முதலாவதாக ஒரு பெண், கம்பெனி கோட்டும் காதில் ஒயருமாக, கன்மேனின் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று எட்டி எட்டி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நேராக அவனிடம் போனேன். கண் துப்பாக்கியை விட்டு நகரவில்லை.

"தள்ளி நில்லுங்க," என்றான்.

"தம்பி, இது என்..."

"தள்ளி நில்லுன்னேன். கையில இன்னா?"

துப்பாக்கி தோளிலிருந்து இறங்கி அவன் மார்புக்குக் குறுக்கே வந்துவிட்டது. நான் புட்டியை மெதுவாக உயர்த்திக் காட்டினேன். எண்ணெய் மணிக்கட்டு வரை வழிந்தது.

"மிஷின் எண்ண. நானும் கன்மேனா இருந்தவந்தான். இது என்னுது. அந்த செவப்புத் தையல் எம் பொண்டாட்டி போட்டது."

மெத்தையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். முகம் கொஞ்சம் இளகியது. எனக்கு இருந்தது ஒரே கேள்வி. "அந்த சேஃப்டி இன்னும் மக்கர் பண்ணுதா தம்பி?"

"அத்த ஏன் கேக்கற பெருசு. வாங்குன வாரமே குட்த்து சரி பண்ட்டேன். ஆத்தர அவசரத்துக்கு ஆவாத ஜாமான வெச்சிகினு இன்னா பண்றது? இப்போ பாரு." பெருவிரலால் அதை முன்னால் தள்ளிக் காட்டினான். பின்னால் இழுத்தான். மறுபடி தள்ளினான். சத்தம்கூட வரவில்லை.

இருந்த ஒரே நல்ல குணமும் போய்விட்டது.

அந்தப் பெண்ணின் தோளைத் தொட்டேன். அவள் காதிலிருந்து ஒயரை எடுத்தாள்.

"தள்ளி நில்லும்மா," என்றேன்.

"வரிசை போயிடும் சார்."

"போனா போவுது," என்று சொல்லி, எண்ணெய்க் கையாலேயே அவள் கையைப் பிடித்து ரோட்டோரம் வரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.