தீபாவளிக் கவரில் அண்ணன் கொடுத்த உதவி

எங்கள் அண்ணன் பிறந்தது ரவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். பிறகு மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டினார். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அண்ணி காலமான பிறகு கிள்ளான் வீட்டில் அவரும் நானும்தான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். அண்ணனின் திதியில் வாசிக்க வேண்டும் என்று அவருடைய பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன்.

ஒருமுறை எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. நல்ல மனசோடு அரிசி கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுப்போ சேற்றில் கிடந்தது. அதை அண்ணன் மறக்கவே இல்லை. அடுத்த வெள்ளத்தில் எங்கள் வீடு தப்பியது, பக்கத்துத் தாமானில் குடியிருப்பு வீடுகள் எல்லாம் மூழ்கின. உடனே சொந்தக்காரர்களிடம் பணம் கேட்டார்.

பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன், "காசா கொடுத்தா குடிச்சிட்டா என்னாண்ணே பண்ணுவ? அரிசி மூட்டை வாங்கிடலாம்லா" என்றார்.

"நம்ம வீட்டுக்கு வந்த அரிசிய எதுல பொங்கினோம்? என்ன வேணும்னு அவங்களுக்குத் தெரியும்லா. கொடுத்திட்டுக் கேள்வி கேக்காத" என்றார் அண்ணன்.

தம்பி சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

அண்ணன் பணத்தைக் கடையில் வாங்கிய வெள்ளைக் கவர்களில் போட்டார். நானும் கூடப் போனேன். முதல் வீட்டில் ஒரு பெண் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய மாமியார் சுகமில்லாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அண்ணன் கவரை நீட்டியதும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"என்னா அங்கிள், சாவு வீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி வெள்ளைக் கவர நீட்டுறீங்க? எங்க அத்த இன்னும் உயிரோடதான் இருக்காங்க!"

பக்கத்து வீட்டுக்காரர்களும் உள்ளே போய்விட்டார்கள். எல்லாருக்கும் பணம் தேவைதான். ஆனால் அந்தக் கவரை யார் தொடுவார்கள்?

"மன்னிச்சிக்கம்மா. எனக்குத் தோணவே இல்ல" என்ற அண்ணன், வேனுக்குத் திரும்பித் தலை குனிந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, பிள்ளைங்களுக்குக் காசு வச்சுக் கொடுத்த தீவாளி அங்பாவ் கவர் வீட்டுல மிச்சம் இருக்கு" என்றேன்.

"முன்னயே சொல்றதுக்கென்ன, தங்கச்சி!" என்று வண்டியைக் கிளப்பினார்.

விளக்குப் படம் போட்ட ஊதாக் கவரைப் பார்த்ததும் அந்தப் பெண் சிரித்துவிட்டார். "என்னா அங்கிள், வெள்ளத்தோட தீவாளியும் வந்திருச்சா?" இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடைத்த கதவுகளும் திறந்தன.

அதன் பிறகு வெள்ளம் வந்த போதெல்லாம் அந்தக் கவர்தான். பணத்தை என்ன செய்தீர்கள் என்று அண்ணன் யாரையும் கேட்டதில்லை. கடைசியில் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், "மழை எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்.

அண்ணனின் காரியத்துக்கு வந்தவர்கள் வழக்கப்படி வெள்ளைக் கவர் கொடுத்தார்கள். அந்தப் பெண்ணும் வந்தார். என்னைத் தனியே அழைத்து, விளக்குப் படம் போட்ட ஒரு கவரைக் கையில் வைத்தார்.

"இது காரியத்துக்கு இல்ல, ஆன்டி. இனிமே நீங்க இருக்கணும்ல, அதுக்கு."

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த பிள்ளைகளுக்கும், சமைத்துப் போட்ட அக்கம்பக்கத்தாருக்கும், அண்ணன் கேட்டபோதெல்லாம் பணம் தந்த உங்கள் எல்லாருக்கும் நன்றி. அந்தக் கவரில் இருந்த பணத்தில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். இந்த வருஷத் திதிக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் வருகிறேன். என்ன வாங்கினாய் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன்.