ஊசியைக் கழற்றியாச்சா?

சேம்பரிலிருந்து காற்றை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டோம் என்று லேபிலிருந்து போன் வந்தபோது, நான் நெய்வேலி குவார்ட்டர்ஸில் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பார்த்தே காலத்தை ஓட்டிய அப்பாவுக்கு அன்று மாலை ஃபேர்வெல். அதற்காகத்தான் லீவு போட்டு வந்திருந்தேன். ஸ்மார்ட்போன் எல்லோர் கைக்கும் வந்துகொண்டிருந்த காலம் அது.

நான் எக்ஸ்ரே மைக்ராஸ்கோப் வடிவமைப்பவள். காற்றில்லாத சேம்பருக்குள் கடுகைவிடச் சின்ன இலக்கின்மேல் லேசரை அடித்தால், அது பிளாஸ்மாவாகி எக்ஸ்ரேயைக் கக்கும். அதைப் படமெடுக்கச் சாதாரண லென்ஸ் உதவாது. மிக வழவழப்பான கண்ணாடியில் உரசுகிற மாதிரி சாய்வாகப் பட்டால்தான் எக்ஸ்ரே திரும்பும். எனவே வளைந்த கண்ணாடிகள் இரண்டு வைத்தேன். ஒன்று பக்கவாட்டில் குவிக்கும், மற்றது மேல்கீழாக. அவற்றைத் தேய்த்து முடிக்கவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. மாற்று ஜோடி கிடையாது.

குறி பார்க்க மைக்ராஸ்கோப்பின் மூக்கில் ஓர் ஊசியை மாட்டுவோம். அதன் முனை இலக்கு வரும் இடத்தைக் காட்டும். ஷாட்டுக்கு, அதாவது லேசரை அடிப்பதற்கு, முன் அதைக் கழற்றிவிட வேண்டும். மறந்தால் லேசர் சூட்டில் ஊசி ஆவியாகிக் கண்ணாடியில் படியும். அப்புறம் கண்ணாடி குப்பைதான்.

டெக்னீஷியன் குமரேசன் அனுப்பிய போட்டோவில் நடுவே ஊசி மாதிரி ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது.

"குமரேசன், ஊசியைக் கழட்டினீங்களா?"

"கழட்டிட்டேன் மேடம்... கழட்டிட்டேன்னுதான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா! இந்த போட்டோ கழட்டறதுக்கு முன்னாடி எடுத்ததா, அப்புறமா?"

மூடிய சேம்பருக்குள் அந்த மூக்கை எட்டிப் பார்க்க வழி கிடையாது. திறந்தால், மறுபடி காற்றை உறிஞ்சி முடிப்பதற்குள் எங்கள் முறை போய்விடும். பெரிய லேசர், பின்னால் எத்தனையோ குழுக்கள் வரிசையில் நின்றன.

எங்கள் தலைவர் ராகவன் சார் போனை வாங்கினார். "நீ அங்க விசேஷத்தைப் பாரும்மா. அவர்தான் கழட்டிட்டேன்னு சொல்றாரே. இந்த ஸ்லாட் போனா அடுத்தது எப்பக் கிடைக்கும்னு தெரியுமா?"

"தெரியும் சார். திறந்து பாருங்க."

"சும்மா பயப்படற நீ."

"பயம்தான் சார். ஷாட்டை நிறுத்துங்க. நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு எழுதிக்கோங்க."

போனை வைத்தேன். வாசலில் அம்மா கத்தினாள்: "கம்பெனி பஸ்ஸு வந்து நின்னுகினு இருக்குது, கெளம்பேண்டி!"

அப்பாவுக்கு மாலை போடும்போது சாரின் மெசேஜ் வந்தது. "திறந்தோம். ஊசி இல்லை. ஸ்லாட் போச்சு. இதுக்கு யாரு பதில் சொல்றது?"

முகமெல்லாம் எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

மேடையில் அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் மைக்கைப் பிடித்திருந்தார். "சவரி அண்ணனைப் பத்தி ஒண்ணு சொல்லியே ஆவணுங்க. பெல்ட்டுல ஆளு கெடக்குதுன்னு அவசரக் கயித்த இழுத்து மொத்த பெல்ட்டையும் நிறுத்திட்டாரு. ஓடிப் போயி பார்த்தா வெறும் சட்டைங்க! இஞ்சினீயர் வந்து தையா தக்கான்னு குதிச்சுகினு இருந்தாரு பாருங்க..."

ஹாலே சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார்.

"வெறும் சட்டைன்னு பெல்ட்டு நின்னப்புறம்தானேய்யா தெரிஞ்சுது?"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து சாருக்குப் பதில் அடித்தேன்: "நான்தான் சார் பதில் சொல்வேன். மறுபடி சந்தேகம் வந்தாலும் நிறுத்தத்தான் சொல்வேன்."

அடுத்த ஸ்லாட்டுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். அதுவரை சார் என்னோடு சரியாகப் பேசவில்லை. இன்று என் குழுவில், நேற்றுச் சேர்ந்தவர் சொன்னாலும் ஷாட் நிற்கும். திட்டுவதானால் திறந்து பார்த்தபிறகு திட்டிக்கொள்ளலாம்.