நடுவில் கெட்டி, ஓரத்தில் மெத்து: டயர் மாற்றிச் செட்டிபாளையம் போன கதை

டயர் மாற்றிய அன்று இருந்தவர்கள் நாலு பேர். நான், என் பேத்தி நிவேதா, என் தம்பி துரைசாமி, போத்தனூர் டயர் கடைக்காரர் ஜோசப். யார் எங்கே நின்றார்கள், என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

போன வருஷம் தை மாதம் அது. நிவேதா கிணத்துக்கடவிலிருந்து கோயம்புத்தூருக்குத் தினமும் பைக்கில் வேலைக்குப் போகிறவள். செட்டிபாளையம் பக்கத்துப் பந்தயத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருந்தாள். விழுந்து வந்தால் வண்டியை விற்றுவிடுவேன் என்று அவள் அம்மா, அதாவது என் மகள், சொல்லிவிட்டாள். நான் கூடப் போய்ப் பத்திரமாகக் கூட்டி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். அவள் பைக்கில், நாங்கள் பின்னால் துரைசாமி காரில். போத்தனூர் இருபது கிலோமீட்டர்தான். அவள் லாரியை முந்தும்போதெல்லாம் நான் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டேன்.

கடையில் ஜோசப் மூன்று டயர்களை எடுத்து வைத்தார். முழுக்க மெத்தென்ற ரப்பர் தடத்துக்கு நல்லது, ஆனால் தினமும் ரோட்டில் ஓடினால் நடுவில் சீக்கிரம் தேய்ந்துவிடும். முழுக்கக் கெட்டியானது வெகுநாள் உழைக்கும், ஆனால் வளைவில் சாய்த்தால் பிடி குறைவு. மூன்றாவதுதான் மல்டி காம்பவுண்டு. ஒரே டயரில் நடுவில் கெட்டி ரப்பர், இரண்டு ஓரத்திலும் மெத்து ரப்பர்.

"நேரா போறப்ப நடு தேயும், சாயறப்ப ஓரம் புடிக்கும். பாப்பாவுக்கு இதுதானுங்க தோது" என்றார்.

விலையைக் கேட்டதும் துரைசாமி, "இந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி வாங்கிப்போடலாமுங்களே" என்றான்.

"வாங்குங்க. ஆனா கன்னுக்குட்டிய வளைவுல சாய்க்க முடியாதுங்க."

இரண்டு டயரும் மாட்டும் கூலியும் சேர்த்துப் பதினெட்டாயிரம். கிளம்பும்போது ஜோசப் எங்கள் மூவரையும் பார்த்துச் சொன்னார்: "புது டயர் வழுக்குமுங்க. நூறு கிலோமீட்டர் மெதுவா ஓட்டோணும். ஓரம் தடத்துல கொஞ்சங் கொஞ்சமாத்தான் பழகோணும். மினுக்கறதுக்குன்னு எதையும் தடவிப்போடாதீங்க." துரைசாமிதான் முதலில் தலையை ஆட்டினான்.

அந்த நூறு கிலோமீட்டருக்காகத்தான் அவிநாசி போனோம். புது டயருக்கு அங்கேயே பூஜையும் போட்டுவிடலாம் என்பது என் யோசனை. கோயில் விளக்குக்கு எங்கள் தோட்டத்துத் தேங்காயை ஆட்டிய எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டுபோயிருந்தேன். பாதியை விளக்குக்கு ஊற்றிவிட்டு மீதியைக் காரில் வைத்தேன். நானும் நிவேதாவும் தரிசனத்துக்குப் போனபோது துரைசாமி வண்டிக்குக் காவலிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் டயர் கன்னங்கரேலென்று மினுங்கியது. கழுவியிருப்பான் என்று நினைத்தோம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பினோம். வழியெல்லாம் நேர் ரோடு, எதுவும் தெரியவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்குத் தடம். வேலிக்கு இந்தப்புறம் நான் நின்றேன். தலைக்கவசம் போட்ட பிறகு எது என் பேத்தி என்றே தெரியவில்லை. வண்டி எண்ணை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். முதல் சுற்றில், வளைவில் சாய்த்ததும் பின் சக்கரம் வெடுக்கென்று விலகியது. எப்படியோ நிமிர்த்தி ஓரங்கட்டினாள். பயிற்சி கொடுப்பவர், டயரில் ஏதாவது பட்டதா என்று கேட்டார். நிவேதா என் பக்கத்தில் நின்ற துரைசாமியிடம் திரும்பினாள்.

"அப்புச்சி, நேத்து வண்டிகிட்ட நீங்கதான இருந்தீங்க. ஏதாச்சும் பட்டுச்சுங்களா?"

"ஒண்ணும் படலயே கண்ணு. தண்ணி ஊத்திக் கழுவுனேன், அவ்வளவுதான்."

"அப்ப நாந்தான் பயந்து தப்பாப் புடிச்சிருப்பேன்" என்று மறுபடி போனாள். அதே வளைவு. இந்த முறை வண்டி ஒருபக்கம், அவள் ஒருபக்கம்.

அவளைத் தூக்கி உட்கார வைத்த பிறகு டயரைத் தொட்டுப் பார்த்தேன். நடுப்பகுதி காய்ந்து சொரசொரவென்று இருந்தது. ஓரத்தில் விரல் வழுக்கியது. முகர்ந்தேன். எங்கள் தோட்டத்து எண்ணெய்.

"பாட்டில்ல மிச்சமிருந்தது எங்கடா?"

"போட்டோவுக்கு மினுமினுன்னு இருக்கட்டும்னு தடவுனேன் அக்கா. சொன்னா வைவீங்கன்னு…"

நிவேதாவுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டு. நடந்ததைக் கேட்ட என் மகள் வண்டியை விற்கவில்லை, என்னோடு பேசுவதைத்தான் நிறுத்தினாள். இப்போது பேசுகிறாள், அளந்து.

ரோட்டுக்கும் தடத்துக்கும் ஒரே வண்டி வைத்திருக்கிறவர்கள் இந்த வகை டயரை நம்பி வாங்கலாம். ஆனால் நேர் ரோட்டில் நூறு கிலோமீட்டர் ஓடினாலும் ஓரம் பழகாது, அதில் பட்ட எண்ணெயும் போகாது. சோப்புத் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். சந்தனமும் குங்குமமும் டேங்கில் வையுங்கள். தடத்துக்குள் இறங்கும் முன் ஓரத்தை நீங்களே விரலால் தடவிப் பாருங்கள். நான் தடவிப் பார்க்கவில்லை.

கட்டுப் பிரித்த மறுமாதம் நிவேதா, ஓரத்தைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவிய அதே டயரில் அந்த வளைவைச் சுற்றி வந்தாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எண்ணெய் தடவியதை அசட்டுத்தனம் என்று விட்டுவிடலாம். பிள்ளை நேருக்கு நேர் கேட்டபோது, ஒன்றும் படவில்லை என்று சொல்லி இரண்டாம் முறை அனுப்பிவைத்தானே, அதை விடமாட்டேன். இந்தப் பொங்கலுக்கு வந்து வாசலில் நின்றுவிட்டுப் போனான். நான் எழுந்திருக்கவில்லை. என் கூடப்பிறந்தவன்தான், துரைசாமி.