அண்ணா நீலச் சட்டை போட்டதில்லை

மன்னார்க் கரையில் பிறந்து, பாரிசில் வளர்ந்து, மெல்பேர்னின் வெரிபீயில் கண்மூடிய எங்கள் அண்ணாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளே, வணக்கம். அவர் உயிரோடு இருந்தபோது நீங்கள் இப்படித் திரண்டு வந்து நான் கண்டதில்லை. ஆகவே அவர் யார் என்று உங்களுக்குச் சொல்லிவைப்பது தங்கையாகிய என் கடமை ஆகிறது.

எங்கள் ஊரில் ஞாயிறு பூசை முடிந்தால் பந்துதான். அப்பாவும் அப்படி வளர்ந்தவர். சண்டைக் காலத்தில் அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு பிரான்சுக்குப் போய், பாரிசின் வடக்குப் புறநகரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் கோப்பை கழுவினார். அடுக்குமாடிக்குப் பின்னால் இருந்த சீமெந்துத் தரையில் அண்ணா பந்து அடித்தார். ஓடுவதில் அவரை எவராலும் பிடிக்க முடியாது. பதின்ம வயதில் ஒரு கழகம் அவரைத் தன் பயிற்சிப் பள்ளிக்கு எடுத்தது. அன்றைக்கே மெல்பேர்னின் மல்கிரேவில் இருந்து எங்கள் சித்தப்பாவின் தொலைபேசி வந்தது.

“பந்து சோறு போடுமோ அண்ணை? பெடியனை எக்கவுண்டன்சி படிக்க விடுங்கோ.”

சில வருடங்களில் அதே கழகம் அண்ணாவுக்குத் தொழில்முறை ஒப்பந்தம் கொடுத்தது. அதே சித்தப்பா திரும்ப எடுத்தார். “எங்கட இரத்தமல்லோ!” என்றார். நாக்குக்கு எலும்பில்லை என்பது சும்மா வந்த பேச்சில்லை.

அண்ணா விங்கர். மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டி ஓடி, எதிராளியைத் தாண்டி, நடுவில் நிற்பவரின் தலைக்கோ காலுக்கோ பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது அவருடைய வேலை. கோல் அடிப்பவர் வேறு ஆள். இதை விளங்கிக்கொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். ஆனாலும் என் கல்யாணத்துக்கு அவர் முதன்முதலாக மெல்பேர்ன் வந்தபோது, முழுப் பந்தியும் கேட்கச் சித்தப்பா கேட்டார்.

“இதுவரைக்கும் எத்தனை கோல் தம்பி?”

“நான் விங்கர் சித்தப்பா. பந்தைக் குடுக்கிற ஆள்.”

“அப்ப பரிமாறுற ஆளெண்டு சொல்லும்!”

பந்தி முழுக்கச் சிரித்தது. அண்ணாவும் சிரித்தார், அவர் அப்படித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பந்திக்கு முந்துவதைத் தவிர வேறு எதிலும் முந்தியறியாதவர்கள் பரிமாறுகிறவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவருடைய ஆட்ட வாழ்க்கையைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். பெரும்பகுதி இரண்டாம் பிரிவில். முதற்பிரிவில் ஒரே ஒரு பருவம், அதிலும் பாதி மாற்று ஆட்டக்காரராக வெளியே பெஞ்சில். அந்த நாட்களில் உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், “வாங்கில குந்தியிருக்கவோ சம்பளம் குடுக்கிறாங்கள்?” என்று கேட்டார். வாங்கில் இருந்து எழும்பி மழைக்குள் ஓடிய ஒரு பின்னேரம் அண்ணா கொடுத்த பந்தால்தான் அந்தக் கழகம் அந்தப் பிரிவிலேயே நிலைத்தது. அந்த ஊர் மக்கள் அவரைத் தோளில் தூக்கினார்கள். நீங்கள் அதைப் பார்க்கவில்லை. தொலைக்காட்சியில் காட்டியது கோல் அடித்தவரைத்தான்.

பிறகு முழங்கால் போனது. கடைசி இரண்டு பருவங்கள் மெல்பேர்னில் ஒரு கழகத்துக்கு ஆட வந்தார். அப்போது உங்களுக்கு அவர் இனித்தார். இலவச டிக்கெட் கேட்டீர்கள், தோளில் கைபோட்டுப் படம் எடுத்தீர்கள், சங்கத்து மேடையில் பொன்னாடை போர்த்தினீர்கள். ஒப்பந்தம் முடிந்து வெரிபீயில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றப் போனபோது, தெருவில் கண்டும் காணாத மாதிரிப் போனீர்கள். அண்ணாவுக்கு அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. சனிக்கிழமைகளில் மகளின் அணிக்குப் பந்து பழக்கினார். எனக்குக் குறை இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

கணையத்தில் புற்றுநோய் என்று வைத்தியர்கள் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. கடைசிக் கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“எனக்குப் பிறகு இவங்கள் கதை விடுவாங்கள். ஒரு மேட்ச்கூடக் கூட்டிச் சொல்ல விடாதை.”

ஓம் என்றேன்.

இறுதிச் சடங்கு நாளன்று மண்டபத்துக்குள் போனால், வாசலில் ஆளுயரப் பதாகை. பிரான்ஸ் தேசிய அணியின் நீலச் சட்டை போட்ட யாரோ ஒருவரின் உடம்பில் அண்ணாவின் முகத்தை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கீழே ‘பிரான்ஸ் தேசிய அணியின் முன்னாள் நட்சத்திரம்’. அண்ணாவின் மகள் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, “மாமி, தட்ஸ் நாட் அப்பாஸ் நெக்” என்றாள். அதற்குள் சித்தப்பா ஒலிவாங்கியைப் பிடித்து, அதே பொய்யைக் கண்ணீரோடு சொல்லத் தொடங்கிவிட்டார். சனம் கை தட்டியது. செத்த வீட்டில் கை தட்டிய சனம் நீங்கள். பிள்ளை என் சேலையை இழுத்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

“மாமி, அப்பா உண்மையா விளையாடினது காணாதா, போதாதா?”

கை தட்டல் ஓயுமுன் பிள்ளையின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனேன்.

இந்த மலருக்கும் சித்தப்பா தொலைபேசி எடுத்தார்.

“நேஷனல் டீம் எண்டு ஒரு வரி போடு பிள்ளை. ஆருக்குத் தெரியப்போகுது? செத்த மனிசனுக்கு ஒரு மரியாதை.”

“அதை அவர் உயிரோட இருக்கேக்க குடுத்திருக்கலாம் சித்தப்பா” என்றேன். வைத்துவிட்டார்.

இனி நன்றிகள். இரவு பகல் பாராமல் அண்ணாவைப் பராமரித்த தாதியருக்கு நன்றி. பூ வளையம் சுமந்த அவருடைய அணிப் பிள்ளைகளுக்கு நன்றி. தன் கோல்களில் பாதி அண்ணா கொடுத்த பந்து என்று கல்லறையில் நின்று பிரெஞ்சில் சொல்லி அழுத பழைய சக ஆட்டக்காரருக்கு நன்றி. அவர் சொன்னது என்ன என்று உங்களில் ஒருவரும் கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதினேன். மண்டபமும் கதிரைகளும் ஒழுங்கு செய்த சித்தப்பாவுக்கும் நன்றி. பதாகையைக் கழற்றிக் குப்பையில் போட்டது நான்தான், தேட வேண்டாம்.

எங்கள் அண்ணா பிரான்ஸ் தேசிய அணிக்கு ஒருநாளும் ஆடவில்லை. அவர்கள் அவரைக் கூப்பிடவும் இல்லை. அவர் ஓரத்தில் ஓடினார், பந்தைக் கொடுத்தார், கொடுத்ததை ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை.

மண்டபத்தில் நீ கேட்டதற்கு அன்றைக்குச் சொல்லாத பதிலை, மகளே, இத்தனை பேர் வாசிக்க இங்கே எழுதுகிறேன். காணும், பிள்ளை. தாராளமாய்க் காணும்.