மலர்க்கொடி விட்டதும் ஊர் விடாததும்

கர்ப்பிணிக்கு ஊசி போடுவது சுலபம்; வாயில் அடக்கியிருக்கும் புகையிலையைத் துப்ப வைப்பதுதான் கிராமத்து நர்ஸ் வேலையில் பிராணன் போகிற சங்கதி. இதே வேலையில் மாட்டிக்கொண்ட தோழிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

வயலில் வந்த வம்பு

திருவையாறு பக்கம் என் பொறுப்பிலுள்ள ஊரில் மலர்க்கொடி நடவுக்குப் போகிறவள். முதல் குழந்தை எடை குறைந்து பிறந்து, தங்கவில்லை. இப்போது வயிற்றிலிருக்கும் பிள்ளையை எப்படியாவது நல்லபடியாக அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. வெற்றிலையோடு போடும் புகையிலையை விடு என்றேன். விட்டுவிட்டாள்!

அங்கேதான் வம்பு. நடவு வயலில் வெற்றிலைப் பை சுற்றி வரும்போது கை நீட்டாதவள் கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தமாம். யாரும் அவளோடு பேசவில்லை. அழுதுகொண்டே போன் செய்தாள். ஸ்கூட்டியை ரோட்டில் போட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினேன். "வயித்துப் பிள்ளைக்காகத்தான் விட்டா!" என்று கத்தினேன். நடவுக்குத் தலைவியான அஞ்சம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா நர்ஸம்மா? மூஞ்சியத் தூக்கிவெச்சுக்கிட்டே ஒரு வயல நட்டு முடிச்சுட்டோமே!"

உடம்பு வலிக்கு

அடுத்த குண்டை மலர்க்கொடியே போட்டாள். சாயங்காலமானால் உடம்பு வலிக்கென்று புருஷன் குமாரின் பாட்டிலிலிருந்து அவளும் குடிக்கிறாளாம். திட்டு வாய்வரை வந்தது. திட்டினால் மறுபடி வரமாட்டாளே! அடக்கிக்கொண்டு இருவரையும் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் முகம் சுளிக்காமல் எல்லாம் கேட்டார். தினமும் குடித்துப் பழகிய உடம்பு, தானாகத் திடீரென்று நிறுத்தினால் ஆபத்து என்று அட்மிட் செய்து, பக்கத்திலிருந்து பார்த்தே நிறுத்த வைத்தார். இனி வீட்டுக்குள் பாட்டிலே வரக் கூடாது என்றதும் குமார் பதறிவிட்டான்.

"பிள்ளை அவ வயித்துலதானங்க இருக்கு, நான் எதுக்குங்க நிறுத்தணும்?"

பிளாஸ்க்

பெண் குழந்தை! நல்ல எடை! பிறந்தவள் வார்டே அதிர அழுதாள். நான் குதித்த குதியில் செருப்பு அறுந்தது.

குமாரின் அக்கா பிளாஸ்கோடு வந்தார். உள்ளே வெந்நீரில் கலந்த பிராந்தி. குடித்தால் பெற்ற உடம்பைக் குளிர் தாக்காதாம். குழந்தை நாக்கிலும் ஒரு சொட்டு வைத்தால் சளி பிடிக்காதாம். நான் பாய்ந்து போவதற்குள் மலர்க்கொடி குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"நான் குடிக்கிறதத்தான் அண்ணி இவளும் குடிப்பா. அத எடுத்துட்டுப் போங்க!"

எங்கள் தொழிலில் சண்டைக்கு வருகிறவர்களைக்கூடச் சமாளித்துவிடலாம்; பாசத்தோடு பிளாஸ்க் தூக்கி வருகிறவர்களைத்தான் வாசலிலேயே மடக்க வேண்டியிருக்கிறது.