கையெழுத்து மட்டும் உள்ள தாள்

ஒருவர் மனமொத்து இட்ட கையெழுத்துக்கு மேலே, அவர் அறியாத வாசகத்தை இன்னொருவர் எழுதிச் சேர்த்தால் அது அவருடைய சம்மதம் ஆகுமா? எண்பதுகளின் நடுப்பகுதியில், பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல், யாழ்ப்பாணத் தீவகத்து வேலணையில் அயலவர்களுக்கு விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இந்தக் கேள்வி எனக்கு எதிர்ப்பட்டது.

வெளிநாடு புறப்பட்ட ஆண்கள் சிலர், வெறுந்தாள்களின் அடியில் கையெழுத்திட்டு மனைவியிடம் விட்டுச் செல்வார்கள். அவசரத்துக்கு உதவும் என்பது எண்ணம். புளியங்கூடலிலிருந்த ஓர் அக்காவிடம் அத்தகைய தாள்கள் இரண்டு இருந்தன. முதலாவதை, இளைய மகளின் பாடசாலை மாற்றத்துக்காக நானே நிரப்பிக் கொடுத்திருந்தேன். அப்போது எனக்கு எந்தத் தயக்கமும் எழவில்லை.

இரண்டாவது தாளுடன் அவர் வந்தபோது மூத்த மகளும் கூட வந்தாள். அவளுக்குக் கலியாணம் பொருந்தியிருந்தது. தனக்குச் சீதனமாக வந்த வீட்டையும் வளவையும் தாய் அவளுக்கு எழுத வேண்டும். உறுதிப் பத்திரம் எழுதி முடிந்த பிறகே கலியாணத்துக்கு நாள் வைப்பது என்று மாப்பிள்ளை பகுதி சொல்லிவிட்டது. யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி, மனைவி தன் சீதனக் காணியைக்கூடக் கணவரின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. அவரிடமிருந்தோ ஒன்றரை வருடமாகக் கடிதம் இல்லை.

"சம்மதமெண்டு நாலு வரி எழுதித் தாரும் பிள்ளை. கையெழுத்து அவரின்ரைதானே."

"கையெழுத்து அவரின்ரைதான் அக்கா. வசனம் என்ரையெல்லோ."

"பள்ளிக்கூடத்துக்கு எழுதேக்கை அது ஆரின்ரை வசனம்?"

"அது பிழைச்சிருந்தால் ஒரு கடிதத்தோட போயிருக்கும்," என்றேன். "இது வீடு. அவர் வந்து, நான் சம்மதிக்கேல்லை எண்டு வழக்கு வைச்சால் உறுதி நிக்காது."

"படிச்ச ஆக்களுக்குப் பயம்தான் கூட," என்றார் தாய்.

மகள் முதன்முறையாக வாய் திறந்தாள். "அப்ப நாளைக்கு நான் பிள்ளை குட்டியோட றோட்டில நிக்கிறதோ?"

"அப்பிடியும் வரலாம்."

அவள் தாயின் கையிலிருந்த தாளை வாங்கி நாலாக மடித்தாள். "வேற வழி இருக்கோ?"

இருந்தது. கணவர் இல்லாதவிடத்து, அவருடைய சம்மதமின்றியே காணியை எழுத மாவட்ட நீதிமன்றம் அனுமதி வழங்கலாம். மாதக்கணக்கில் செல்லும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அதுவரைக்கும் மாப்பிள்ளை பகுதி பாத்துக்கொண்டு இருப்பினமோ?" என்றார் தாய்.

"இருக்கமாட்டினம்," என்ற மகள் என் பக்கம் திரும்பினாள். "எண்டாலும் எழுதித் தாங்கோ அக்கா."

சட்டத்தரணியிடம் கொடுக்க விபரங்களை எழுதினேன். கிராமசேவகரின் கடிதத்தையும், கணவரிடமிருந்து கடைசியாக வந்த கடிதத்தின் உறையையும் இணைத்தேன். தாயும் மகளும் பஸ்ஸில் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணத்துக்கு ஐந்து தடவை போய்வந்தார்கள். நான்காம் தடவைக்கு முன்னரே மாப்பிள்ளை பகுதி கரம்பொனில் வேறு இடம் பேசி முடித்துவிட்டது. அதன்பின் அந்த அக்கா எங்கள் வாசலைத் தலை திருப்பாமலே கடந்துபோனார். என் யோசனை சட்டப்படி சரியானது. அதன் விலையைக் கொடுத்தது நானல்ல.

நீதிமன்றக் கட்டளை கிடைத்ததும் உறுதி மகளின் பெயருக்கு முடிந்தது. இரண்டு வருடங்களின் பின் அவள் வேறொருவரை மணந்து அதே வீட்டில் குடியிருந்தாள்.

கையெழுத்து மட்டும் உள்ள தாளில் நான் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. வெளிநாடு போகிறவர்களைப் புறப்படுமுன் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் அனுப்பி, தமக்காகக் கையெழுத்திட மனைவிக்கு அதிகாரம் தரும் அற்றோர்ணித் தத்துவம் முடிப்பித்தேன்.